தேய்த்த காசு

சுத்தமாக இருப்பதெல்லாம் நல்லது என்று உங்கள் வீட்டிலும் சொல்லித்தான் வளர்த்திருப்பார்கள், இன்ஸ்பெக்டர். சட்டைக்கும் சட்டிக்கும் அது சரி. பழைய வெள்ளிக் காசுக்கு மட்டும் சரியில்லை. ஒரு தடவை அழுத்தித் தேய்த்துவிட்டால் போதும், சேகரிப்பவன் திரும்பிப் பார்க்க மாட்டான். அப்புறம் உருக்குகிறவனிடம் எடைக்குப் போட வேண்டியதுதான்.

கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. விளக்கடியில் காசை மெல்லச் சாய்த்தால் ஒளி அதன்மேல் வட்டமாகச் சுற்றி வர வேண்டும். தேய்த்த காசில் ஒளி சுற்றாது, அசையாமல் நிற்கும். பினாங்கில் இதை என்னைவிட நன்றாகப் பார்ப்பவர் இல்லை. சிங்கப்பூர் வியாபாரிகள்கூட "சூன் கியாட் தவுக்கே என்ன சொல்றாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் பணத்தை எடுப்பார்கள்.

போன வருடம் என் பார்வையின் நடுவில் ஒரு கறை வந்து உட்கார்ந்தது, கண்ணாடியில் யாரோ கட்டைவிரலை வைத்துவிட்டுப் போனதுபோல. துடைத்தேன், மருந்து விட்டேன். போகவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. கண் போனால் நான் யார்? மூலையில் உட்காரவைத்துக் கஞ்சி ஊற்றப்படுகிற ஒரு கிழவன்.

அந்தச் சமயத்தில்தான் தியான் ஹோக், சியூ பின் என்ற தன் மனைவியை அழைத்துக்கொண்டு வந்தான். அவன் அப்பா விட்டுப்போன பெட்டி நிறைய ராஜா தலை போட்ட பழைய வெள்ளி டாலர்கள். கிழவர் ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி வைத்திருந்ததால் கறுக்காமல் வெள்ளையாகவே இருந்தன. குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இதை விற்றுத்தான் வேறு வீடு வாங்க வேண்டும்.

"நல்லா பாருங்க தவுக்கே. எங்களுக்கு இத விட்டா வேற கதி இல்ல" என்றான்.

பார்த்தேன். ஒளி சுற்றவில்லை. வேறொரு காசை எடுத்தேன், அதிலும் சுற்றவில்லை. காரணம் என் கண்ணா, காசா என்று எனக்கே தெரியவில்லை. தெரியவில்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

"தேய்ச்சிருக்காங்கப்பா" என்றேன்.

சீனப் புத்தாண்டுக்கு முன்னால் அடுப்படிச் சாமியை வானத்துக்கு வழியனுப்பிவிட்டுப் பூசைச் சாமான்களையெல்லாம் இறக்கித் துலக்கும் வாரம் அது. எந்த வீட்டில் பார்த்தாலும் மருமகள்களின் கையில் பாலிஷ் டப்பாதான். தியான் ஹோக் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினான்.

"நான் தொடவே இல்லங்க" என்றாள் அவள்.

"பித்தளைய விட்டியா, தகரத்த விட்டியா? இத மட்டும் விட்டுடுவியா? எங்கப்பா போட்டோவையும் எடுத்து தேய்ச்சிடேன்."

பெட்டியை எடைக்கு விற்றுத் தரச் சொல்லி என்னிடமே விட்டுப் போனான். அதன் பிறகு அவளோடு பேசவில்லையாம், தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ச் சாப்பிட்டானாம்.

ஒரு மழை மதியம் அவள் தனியாக வந்தாள். நான் மாடியறையில் இருந்தேன். அவள் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த இரண்டு டாலர்களை மேசைமேல் வைத்தாள்.

"ஒண்ணு பூசைத் தட்டுல கெடக்கும், வருஷா வருஷம் தேய்ப்பேன். இன்னொண்ணு செவப்புக் காகிதத்துல அப்படியே இருக்கு. எது தேய்ச்சதுன்னு சொல்லுங்க தவுக்கே."

சாய்த்தேன். திருப்பினேன். இரண்டிலும் என் கறைதான் தெரிந்தது. வலப்பக்கத்துக் காசைக் காட்டினேன்.

அவள் அதை எடுத்துச் சிவப்புக் காகிதத்தில் சுற்றினாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அய்யோ, உங்களுக்கு கண்ணு தெரியலையே" என்றாள். "நான் வெளிய சொல்ல மாட்டேன். டாக்டர்கிட்ட போங்க. எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும், 'தப்பா பாத்துட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவர் என் மொகத்தப் பாத்துப் பேசி எத்தன நாளாச்சு."

ஒரு வார்த்தைதான் கேட்டாள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு வார்த்தை ஊர் முழுக்கப் போயிருக்கும்.

சொல்கிறேன் என்றேன். அவள் கும்பிட்டாள். வழியனுப்புவதுபோல் படிக்கட்டு வரை கூடவே போனேன். எங்கள் கடைவீட்டுப் படி செங்குத்தானது. அவள் முதல் படியில் கால் வைத்ததும் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். கீழே கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். போனது என் கண்தான், காது நன்றாகவே கேட்கும். அது நிற்கும்வரை மேலேயே நின்றேன். அப்புறம்தான் ஆட்களைக் கூப்பிட்டேன். ஈரச் செருப்பு வழுக்கிவிட்டது என்றேன், எல்லோரும் நம்பினார்கள்.

அவள் அடக்கம் முடிந்ததும் கடைத்தெருவிலேயே ஒரு பாலிஷ் டப்பா வாங்கி, பெட்டியிலிருந்த டாலர்களை ஒன்று விடாமல் தேய்த்தேன். நான் சொன்ன சொல் பொய்யாகிவிடக் கூடாது அல்லவா? இதை விற்க மனம் வரவில்லை என்று சொல்லித் தியான் ஹோக்கிடம் திருப்பிக் கொடுத்தேன். காசு எழுத்துகளின் இடுக்கில் பாலிஷின் வெள்ளை மாவு தங்கியிருந்தது எனக்குத் தெரியவில்லை. தான் என்னிடம் கொடுக்கும்போது இல்லாத மாவு எப்படி வந்தது என்று கேட்டுத்தான் அவன் உங்களிடம் வந்திருக்கிறான்.

நான்தான் தள்ளினேன், எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்து எங்கே என்று விரல் வைத்துக் காட்டினால் போட்டுவிடுகிறேன். ஆனால் தப்பாகப் பார்த்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தப் பெட்டியை எந்த ஊர் வியாபாரியிடம் வேண்டுமானாலும் காட்டிப் பாருங்கள், தேய்த்த காசு என்றுதான் சொல்வான்.