பாயில் யாருக்கு இடம்

— இன்னைக்கு நான் பேசப் போற பேச்சுல ஒரு வரி மட்டும் இடிக்குது அண்ணி. படிக்கிறேன், கேளுங்க. “பெண்ணாகப் பிறந்த எவளும் இன்னொருத்திக்குக் கீழே இல்லை.”

— நல்லாத்தானே இருக்கு. அந்தத் தேங்காய்ப்பாலை இப்படித் தள்ளு, லோசா.

— “பிறந்த”ன்னு போட்டா தீனாவுக்கு மனசு நோகும். அவ பையனாப் பொறந்தவளாச்சே. “பெண்ணாக வாழும் எவளும்”னு மாத்திடறேன். இந்தக் காலத்துப் பெண்ணியம் யாரையும் வாசல்ல நிக்க வைக்காது, புரியுதா? தலைநகரத்துல, ஆப்பியாவுல ரெண்டு வருஷம் இதைத்தான் படிச்சேன்.

— ஆகட்டும், மாத்திடு. இன்னைக்குக் கூட்டத்துல தீனா எங்க உக்காருவா?

— பாயில, எனக்குப் பக்கத்துல. அவ இல்லாம இந்த ஊர்ல மகளிர் கூட்டம் நடக்குமா? அவ அடிக்கிற கூத்தைப் பாக்கவே பாதிப் பேர் வருவாங்க.

— எனக்கும் தீனான்னா உயிர். அவளுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் இடம் இருக்குமா?

— யாருக்கு?

— எனக்குத்தான்.

— உங்களுக்கா? அப்ப கோக்கோக் கஞ்சிய யாரு கிண்டறது?

— நான் கேட்டதுக்கு இது பதில் இல்லையே.

— விளையாடாதீங்க அண்ணி. அரிசியும் கோக்கோவும் சேர்ந்தா, கொஞ்சம் அசந்தாலும் அடி பிடிச்சிரும். ஆப்பியாவுலேருந்து வர்ற அதிகாரி அம்மாவுக்குத் தீஞ்ச கஞ்சியா குடுக்க முடியும்?

— அந்த அம்மா, உங்களுக்கு என்ன வேணும்னு பொம்பளைங்களைக் கேப்பாங்களாமே. இந்தச் சமையல் கொட்டகைக்கு ஒரு குழாய் வேணும். மாதாகோயில் குழாயிலேருந்து வாளி வாளியாத் தூக்கித் தோள்பட்டை இறங்கிப் போச்சு.

— அவ்வளவுதானே? நான் கேக்கறேன்.

— போன தடவையும் இப்படித்தான் சொன்னே. கடைசியில கூட்டம் நடக்கிற சபை வீட்டுக்கு மின்விசிறி கேட்டுட்டு வந்து நின்னே. நாலு பக்கமும் சுவரே இல்லாத வீட்டுக்கு.

— அன்னைக்கு ஒரே புழுக்கம், என்ன பண்ணட்டும்? இங்க பாருங்க அண்ணி, இது நான் செஞ்ச வழக்கமா? ஊர்ல பொறந்த பொண்ணுங்க பாயில. கட்டிக்கிட்டு வந்தவங்க கொட்டகையில. நான் மாத்தணும்னு சொன்னா கூட்டத்துத் தலைவி லாகி பெரியம்மா கம்பை எடுத்துருவாங்க.

— தீனாவுக்கு எடுக்கலையே.

— தீனா இந்த ஊர்ப் பிள்ளை, புரியுதா?

— உங்க அண்ணன் தாவிதாவோட பிள்ளைங்களை எல்லாம் நான் இந்த ஊர்லதான் பெத்தேன். அவங்களும் ஊர்ப் பிள்ளைங்க. நான் மட்டும் இன்னும் விருந்தாளி. அதுவும் சமைச்சுப் போடற விருந்தாளி.

— ஒண்ணொண்ணாத்தான் மாத்த முடியும் அண்ணி. எடுத்த எடுப்புலயே எல்லாரையும் உள்ள விட்டா எப்படி?

— ஆகட்டும். என் முறை வரும்போது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. அந்தக் கட்டையை உள்ள தள்ளு.

— கோபமா?

— கோபம் இல்ல, வலிக்குது. வருஷக்கணக்கா உங்க சிரிப்புச் சத்தம் மட்டும் இங்க கேக்குது. என்ன சொல்லிச் சிரிச்சீங்கன்னு யாரும் வந்து சொன்னதில்ல.

— உங்க ஊர்லயே யாரையாவது கட்டியிருந்தா நீங்களும் ஜம்முன்னு பாயில உக்காந்திருப்பீங்க.

— இப்பவும் போனா அங்க எனக்கு இடம் இருக்கு. நீ கட்டிக்கப் போற ஐயோனேவுக்கும் அதே ஊர்தானே.

— ஊர்தான் அது. நாங்க அங்க போய் இருக்கப் போறதில்ல. அவருக்குத் துறைமுகத்துல வேலை, ஆப்பியாவுல வீடு. அதுக்குச் சரின்னு சொன்ன பிறகுதான் நான் சம்மதிச்சேன்.

— அவன் உங்கிட்ட இன்னும் சொல்லலையா?

— எதை?

— அவனே சொல்லட்டும்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நேத்து எங்கம்மா போன்ல சொன்னாங்க. செத்துப்போன அவன் பெரியப்பாவோட குடும்பத் தலைவர் பட்டத்தை ஐயோனேவுக்குத்தான் குடுக்கறாங்களாம். பட்டம் வாங்கினவன் ஊர்ல இருக்காம துறைமுகத்துல என்ன பண்ணுவான்?

— அவருக்கா பட்டம்? சும்மா சொல்றீங்க.

— வேலையை விடறேன்னு சொல்லிட்டானாம். அங்க சமையல் கொட்டகையை இப்பவே பெருசாக்கறாங்க. புது மருமக வர்றான்னு இன்னொரு அடுப்பும் போட்டாச்சாம்.

— இன்னொரு அடுப்பா? எனக்கா?

— சொல்ல மறந்துட்டேன். குழாய் அங்கயும் கிடையாது.

— அங்க மகளிர் கூட்டத்துல பாயில யாரு அண்ணி?

— என் தங்கச்சி, என் சித்தி. நான் போற அன்னைக்கு நானும். கஞ்சிக் கிண்ணத்தைக் குனிஞ்சு குடுக்கணும் லோசா. நிமிர்ந்து குடுத்தா எங்க சித்தி அதையே ஒரு மாசம் பேசுவா.

— நீங்க சிரிக்கிறீங்க.

— கொஞ்சம். உன் மூஞ்சிய நீ பாக்கலையே.

— வண்டிச் சத்தம் கேக்குது. அந்த அம்மா வந்துட்டாங்க.

— அப்ப எழுந்து போ. என்ன, பேச்சு எழுதின தாளை இங்கயே வச்சிட்டே?

— மறந்து வைக்கல. நீங்க எடுத்துட்டுப் போங்க. தீனா பக்கத்துல என் இடம் சும்மாத்தான் கிடக்கும்.

— லாகி பெரியம்மா?

— லோசா அனுப்பினான்னு சொல்லுங்க. கம்பை எடுத்தா தீனா பிடிச்சுக்குவா. குழாய மட்டும் மறந்துடாதீங்க, ரெண்டு ஊருக்கும் சேர்த்துக் கேளுங்க. கரண்டிய இப்படிக் குடுங்க.

— நிஜமாத்தான் சொல்றியா? சரி, அடி பிடிக்காம கிண்டு. கூப்பிட்டதும் கொண்டு வா. குனிஞ்சு குடு.

— ஆகட்டும், அண்ணி.