பிரியாணி விலைக்கு ஒரு புட்டி ஒயின்

ஒயின் ஷாப் என்று பலகை வைத்திருக்கிறார்கள். உள்ளே போய் ஒயின் கேட்டால் சிரிக்கிறார்கள். இதை எனக்குச் சொன்னது என் மருமகள் ரூத். நான் அந்தக் கடை இருக்கும் பக்கமே நடப்பதில்லை, இன்ஸ்பெக்டர் தம்பி.

அதனால் அவள் புதுச்சேரியிலிருந்து வரவழைத்தாள். மாமல்லபுரத்தில் ஓட்டல் வரவேற்பில் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் போனை எதிரே நிறுத்திக்கொண்டு, தினமும் குடிக்கத் தோதான, ஒரு பிரியாணி விலையைத் தாண்டாத ஒயின்களைப் பற்றி ஊருக்குப் பாடம் நடத்துவாள். வஞ்சிரம் வறுவலுக்கு வெள்ளையாம். ஆட்டுக்கறிக்குச் சிவப்பாம். ஒன்றில் மழை நனைத்த மண் வாசனை அடிக்கிறதாம். என் பாட்டன் ஆயுள் முழுக்க மண்ணில் கிடந்தவர். அதைப் புட்டியில் அடைத்து விற்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அவருடைய கூலியில் பாதியை ஆண்டை கள்ளாக அளந்தார். அதைப் பார்த்து வளர்ந்த என் அப்பா, பீடத்தின் முன் மண்டியிட்டு, இனி இந்த வீட்டில் ஒருவர் தொண்டையிலும் ஒரு சொட்டு இறங்காது என்று சத்தியம் செய்தார். அன்றிலிருந்து சபைக்குத் திருவிருந்து ரசம், ஆராதனையில் அப்பத்தோடு கொடுக்கிற திராட்சை ரசம், எங்கள் வீட்டிலிருந்துதான் போகிறது. உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்து காய்ச்சுவோம், புளிக்க விடமாட்டோம். குடிக்கிற வீட்டுக் கை அதில் படக்கூடாது என்பது சபை வழக்கம். எங்களுக்கு நிலம் கிடையாது, பட்டம் கிடையாது. இது ஒன்றுதான்.

ரூத்திடம் முறையாகச் சொன்னேன். "இன்னா மாமா, அரை கிளாஸ்தானே, ஜூஸ் மாரி" என்றாள். என் மகன் ஆல்வினுக்கு மறைமலைநகரில் இரண்டாம் ஷிப்ட். "வுடு நைனா, அவ சம்பாரிக்கிறா, அவ குடிக்கிறா" என்று சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ் ஏறிப் போனான். முதுகெலும்பு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். கமிட்டி உறுப்பினர் சாலமோன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். அதில் ரூத், கையில் கிளாஸோடு.

"அண்ணாத்த, உன் மருமவ சொன்ன செகப்பு சோக்கா கீது. எனக்கும் ரெண்டு எடுத்தாரச் சொல்லு. ரசத்த இனிமே எங்க வூட்ல காச்சிக்கிறோம், நீ பேஜாராவாத."

நின்றவர்கள் சிரித்தார்கள். அதில் பாதிப்பேர் ஒளிந்து குடிக்கிறவர்கள். இருந்தாலும் சிரிப்பு சிரிப்புதான்.

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்: குடியை மறக்கடிக்கும் பொடி, குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம். வாங்கினேன். இதன் மேல் குடித்தால் உடம்பு தாங்காது, ஜாக்கிரதை என்று விற்றவனே எச்சரித்தான். தாங்கினால் எதற்கு அந்தப் பொடி? என் மனைவி போன பிறகு வீட்டில் டீ போடுவது நான்தான். ரூத் வேலையிலிருந்து வந்ததும் ஒரு கிளாஸ் கொடுப்பேன். மாமனார் கையால் டீ குடிக்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும் என்று அந்தப் போனிலேயே பெருமையாகச் சொன்னாள்.

முதல் தடவை முகம் சிவந்து வாந்தி எடுத்தாள். புட்டி சரியில்லை, யாரும் வாங்காதீர்கள் என்று அறிவித்தாள். அடுத்த தடவையும் அப்படியே. நல்ல சரக்கையெல்லாம் அநியாயமாகத் தூற்றினாள். புட்டியை மாற்றினாளே தவிரப் பழக்கத்தை மாற்றவில்லை. அதனால் நான் பொடியைக் கூட்டினேன். படிப்பு உள்ளவள், தானே புரிந்துகொள்வாள் என்று எதிர்பார்த்தேன்.

கிறிஸ்துமஸுக்கு ஏற்ற மலிவு ஒயின்கள் என்று அன்று ஆரம்பித்தாள். பாதியில் நாற்காலியிலிருந்து சரிந்தாள். "மாமா, நெஞ்சு அடைக்குது, ஆம்புலன்ஸ கூப்புடுங்க" என்றாள்.

கூப்பிட்டேன். அதற்கு முன் செய்யவேண்டியவை இருந்தன. மேசையைத் துடைத்தேன். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தேன். அவள் வாயைத் துடைத்து, புடவையை மாற்ற முடியாததால் போர்வை போர்த்தினேன். ஜன்னலைத் திறந்து சாம்பிராணி போட்டேன். வாசனை போகும்வரை காத்திருந்தேன். அந்நியர்கள் உள்ளே வரும்போது வீடு எப்படி இருக்கவேண்டுமோ அப்படி இருந்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு பார்க்கவில்லை. அந்தப் போன் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. நீங்கள் அதில் பார்த்தது இதுதான். மறைக்க எதுவும் இல்லை.

ஒரு வேண்டுகோள். அவள் அலமாரியில் புட்டிகள் மிச்சம் இருந்தன. சாக்கடையில் கொட்டினால் தெரு முழுக்க மணக்கும். குப்பையில் போட்டால் வண்டிக்காரன் ஊருக்கே சொல்வான். ஆகவே மாலை ஜெபம் முடிந்ததும் டம்ளர் டம்ளராக நானே அப்புறப்படுத்தி வருகிறேன். வெள்ளையைக் குளிரவைத்தால் சிரமமில்லாமல் இறங்குகிறது. அவள் மோசம் என்று தள்ளிய சிவப்பு, அந்த விலைக்கு உண்மையில் நல்ல சரக்கு. இன்னும் நாலு புட்டி இருக்கிறது. அது தீரும்வரை பொறுத்து என்னை அழைத்துப் போங்கள். குடிக்கிற வீடு என்று ஒருவன் சொல்ல நான் இடம் கொடுக்கமாட்டேன்.