சொல்லாமல் நகர்ந்த பல்

“என் பல்லு எங்கிட்ட சொல்லாமலே நகர்ந்து போயிருக்குக்கா.”

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் என் முன் சீட்டில், புத்தூரில் ஏறிய இரண்டு பெண்கள். இளையவள் கையில் பல்வரிசையின் அச்சாக கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறை.

“கோணல் பல்லை நேராக்க டாக்டர் முதல்ல குடுத்த அலைனர் இது. இன்னைக்கு மாட்டிப் பார்த்தா ஏறவே மாட்டேங்குது.”

“கம்பி கட்டலையாடி?”

“கம்பியே கிடையாதுக்கா. இந்த உறைதான், சாப்பிடறப்ப மட்டும் கழட்டணும். புதுசு மாத்தறப்ப விண்ணுனு வலிக்கும், அப்புறம் பழகிடும்.”

“இப்ப போட்டிருக்கியா?”

“புதுசைப் போட்டுக்கிட்டுதான் பேசறேன்.”

“தெரியவே இல்லையேடி! எலும்புல நிக்கிற பல்லு, எப்படி நகரும்?”

“தூங்கி எந்திரிக்கிறேன், அது பாட்டுக்கு நகர்ந்திருக்கு.”

நான் என் பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

“எங்க, சிரி பார்ப்போம்.”

சிரித்தாள். உடனே வலது கை எழுந்து வாயை மூடியது.

“கையை எடுடி.”

“சின்ன வயசுலேருந்து மூடிப் பழகின கைக்கா. பல்லே நகர்ந்துடுச்சு, இது நகர மாட்டேங்குது.”

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. அக்கா அந்தக் கையை இழுத்துத் தன் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“இப்ப சிரி.”