டீமேக்கர் ஐயாவின் கோப்பை

தேயிலையை ருசி பார்க்கிறவர்கள் அதைக் குடிப்பதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. சத்தமாக உறிஞ்சுவார்கள், நாக்கில் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள், துப்பிவிடுவார்கள். இது தெரியாவிட்டால் நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிபடாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தோட்டம் நமுனுகுல மலைச்சரிவில் இருக்கிறது. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது, வேறு எந்த மாதத்திலும் வராத ஒரு மணம் தேயிலைக்கு வரும். அதற்காகக் கொழும்பிலிருந்து துரைமார் கார் போட்டுக்கொண்டு வருவார்கள். பூனாகலையில் ஒரு நாள், பசறைப் பக்கம் ஒரு நாள் என்று தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய், ருசி அறையில் வரிசையாக வைத்த கோப்பைகளை உறிஞ்சித் துப்பிவிட்டுப் போவார்கள். துரைசாணிமாரும் கூட வருவார்கள். அவர்களுக்கு அது ஓர் உல்லாசப் பயணம்.

நான் பதுளையில் கடைசி வகுப்பில் படிப்பை விட்டவன். அது ஐம்பத்திரண்டில். அதற்குப் பிறகு தொழிற்சாலையில் இரவு வேலை, தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு போடுவது. பகலில் தூங்குகிறவனோடு லயத்து வரிசை வீடுகளில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பெண் கொடுக்கவும் யாரும் வரவில்லை. தூசி நெஞ்சில் இறங்கி இருமல் பிடித்தது. டீமேக்கர் செல்வரத்தினம் ஐயாதான் என்னைப் பகலுக்கு எடுத்து ருசி அறையில் நிறுத்தினார். தொழிற்சாலை முழுவதும் அவர் பொறுப்பு. நல்ல மனிதர். அதை எங்கே கேட்டாலும் சொல்வேன்.

அங்கே என் வேலை தண்ணீர் கொதிக்கவைத்து ஊற்றுவது. பிறகு, சக்கரம் வைத்த படிக்கத்தை ருசி பார்க்கிறவரின் பக்கத்திலேயே தள்ளிக்கொண்டு போவது. அதில்தான் துப்புவார்கள். சில வேளை குறி தப்பி என் இடுப்புச் சாரத்தில் விழும். அதற்காக நான் கோபப்பட்டதில்லை. கழுவினால் போய்விடும்.

கோப்பை கழுவ றோசாலி இருந்தாள். செடி கவ்வாத்து வெட்டும் பாக்கியநாதனின் பெண்சாதி. வாய் ஓயாது.

"அண்ணே, நீங்க படிக்கத்தத் தள்ளிக்கிட்டு வர்றது, திருநாளுல மாதா சுரூபத்தக் கொண்டு வர்ற மாதிரியே இருக்கு. பாட்டு ஒண்ணுதான் இல்ல."

"வேலையப் பாரு."

"சிரிச்சா சம்பளத்துல புடிப்பாங்களா என்ன?"

எனக்குச் சிரித்துப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஆனால் அவள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விருந்தாளிகள் போன பிறகு டீமேக்கர் ஐயா ஒரு காரியம் செய்வார். அன்று எல்லாரும் மெச்சிய தேயிலையில் புதிதாக ஒரு கோப்பை ஊற்றச் சொல்லி, பாலும் சீனியும் போட்டு, நாற்காலியில் சாய்ந்துகொண்டு அடிவரை குடிப்பார். ருசி பார்க்கிறவருக்குப் பாலும் சீனியும் கௌரவக் குறைச்சல்.

"சிங்கராயர், இதை வெளியிலை சொல்லிப்போடாதையும்" என்று சிரிப்பார்.

அந்த அறையில் தொண்டைக்குள் இறங்கும் ஒரே கோப்பை அதுதான். அதைக் கலக்கிக் கொடுப்பவன் நான்.

ஆடி பிறந்ததும் அவர் என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய மருமகன் தர்மராசா வரப்போகிறானாம். ருசி அறையில் அவன் நிற்க வேண்டுமாம்.

"நீர் பழையபடி அடுப்படிக்குப் போம். குறை நினையாதையும். அக்கான்ரை பெடியன், நான் என்ன செய்யிறது?"

சரி என்றேன். வேறென்ன சொல்வது? தோட்டத் துரையிடம் போய் நின்றால் டீமேக்கரிடம் கேள் என்பார். டீமேக்கரிடம் கேட்டால் அக்கா என்பார். தோட்டத்தை விட்டுப் போகலாமென்றால் எங்கே போவது? இங்கே நாங்கள் பிரஜைகள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இந்தியாவில் என் தாத்தாவின் ஊர்ப் பெயர்கூட எனக்குத் தெரியாது. அடுப்படிக்குத் திரும்பினால் என் நெஞ்சு எத்தனை நாளுக்குத் தாங்கும் என்பது மட்டும் தெரிந்தது.

ஆகவே நிதானமாக யோசித்தேன். சீசன் நடுவில் டீமேக்கர் ஐயா படுத்துவிட்டால், மருமகனுக்காகப் பேச ஆள் இருக்காது. அறை என் கையில் இருக்கும். நான் ஒழுங்காகச் செய்வதைத் துரை பார்ப்பார். கொஞ்ச நாள் படுக்கை, அவ்வளவுதான் நான் கேட்டது. புல்லுக்கு அடிக்கிற மருந்து தோட்டத்தில் எப்போதும் இருந்தது. சிறிது எடுத்து வைத்துக்கொண்டேன். எவ்வளவு என்று கேட்கிறீர்கள். புல்லுக்கு எவ்வளவு என்று தெரியும். மனிதனுக்கு எவ்வளவு என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அன்று காலை கார் வந்தது. டிரைவர் இத்ரூஸ் நானா வாசலில் நின்று பீடி பற்றவைத்தார்.

"தம்பி, இது மூணாவது பெக்டரி. ஒரு சொட்டு தொண்டைக்குள்ள போகல்ல. துப்புறதுக்கா இவ்வளவு தூரம் பெட்ரோல்? கொழும்புல காலிமுகத்துல நிண்டு கடலுக்குள்ள துப்பலாமே."

றோசாலி கையிலிருந்த கோப்பை நழுவும் அளவுக்குச் சிரித்தாள்.

உள்ளே எல்லாம் வழக்கம்போல நடந்தது. ஒரு துரைசாணிக்குத் துப்பத் தெரியவில்லை. விழுங்கிவிட்டு முழித்தாள். மற்றவர்கள் கை தட்டினார்கள். எனக்கு லேசாக வியர்த்தது. ஆனால் அந்த வரிசையில் ஒன்றுமில்லை. கண்டவர் வாயிலும் போகும்படி வைக்கிற ஆள் நான் இல்லை.

கார் போன பிறகு டீமேக்கர் ஐயா கைகளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊற்றினேன். பால், சீனி, பிறகு அது. கலக்கிக் கொடுத்தேன். அவர் மூக்கருகே கொண்டுபோய் மணம் பிடித்தார்.

தொட்டிப் பக்கமிருந்து றோசாலி கேட்டாள். "அய்யா, அப்படி என்னதான் இருக்கு அதுல? எங்களுக்குக் குடுக்குறது கழிவுத் தூளு. நாங்க பறிக்கிற கொழுந்து என்ன ருசின்னு எங்களுக்கே தெரியாது."

பகிடியாகத்தான் கேட்டாள். அவர் கோப்பையைக் கீழே இறக்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெய்தான் பிள்ளை" என்றார். "இந்தா. இண்டைக்கு நீ குடி."

அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வாங்கியவளுக்குக் கூச்சம் வந்துவிட்டது. ஐயா குடிக்கிற கோப்பை, அதுவும் ஐயா முன்னாலேயே. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, குடிக்கவா?"

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நீங்கள் பேனாவை நிறுத்திவிடுகிறீர்கள். ஈ விழுந்திருக்கு என்று சொல்லியிருக்கலாம். கை பட்டதுபோலத் தட்டிவிட்டிருக்கலாம். இதெல்லாம் பிறகுதான் தோன்றியது என்று சொல்லப்போனேன். இல்லை, அப்போதே தோன்றியது. ஆனால் தட்டிவிட்டால் ஐயா ஏன் என்று கேட்பார். என் முகத்தைப் பார்ப்பார். சிந்திய இடத்தைப் பார்ப்பார்.

"குடி" என்றேன்.

அவள் நின்றபடியே, கண்ணை மூடிக்கொண்டு, அடிவரை குடித்தாள். உதட்டை நக்கினாள்.

"இத வாயில வச்சிட்டுத் துப்ப எப்படிண்ணே மனசு வருது?"

பிறகு அந்தக் கோப்பையையும் அவளே கழுவி வைத்தாள்.

சாயங்காலம் லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. பாக்கியநாதன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அதே லொறியில் திரும்பி வந்தான். கோப்பையைத் தன் கையால் கொடுத்தவர் என்று டீமேக்கர் ஐயாவைப் பிடித்தீர்கள். அவர் மறுக்கவில்லை, கொடுத்தது நான்தான் என்று அழுதுகொண்டே சொன்னாராம்.

தர்மராசா திங்கட்கிழமை வந்துவிட்டான். யார் பேசி எடுத்தார்கள் என்று தெரியாது. துரை அவனைத்தான் ருசி அறையில் போட்டார். அவனுக்குப் படிக்கத்தை நேராகத் தள்ளக்கூட வரவில்லை. நான் அடுப்படியில் இருக்கிறேன். இருந்து யோசித்துப் பார்த்ததில், ஒரு நல்ல மனிதர் மறியலில் அடைபட்டுக் கிடப்பது நியாயமில்லை என்று பட்டது. அதனால் வந்தேன்.

மருந்து போட்டவன் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொலை என்று எழுதுகிறீர்களே, அதை மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். அவள் என்னிடம் கேட்டது உண்மை. டீமேக்கர் ஐயா கொடுத்ததை, அவர் முன்னாலேயே, குடிக்காதே என்று சொல்ல அந்த அறையில் எனக்கு என்ன அதிகாரம் இருந்தது? நான் வெறும் படிக்கம் தள்ளுகிறவன்.