பாடத்தில் இருப்பதையே படி

2019 மார்ச் 4-ஆம் தேதி, எங்கள் தீவுநாட்டின் தலைநகர் சுவாவில் எங்கள் பல்கலைக்கழகம் அதுவரை கட்டணம் கட்டிவந்த இணையப் பாடத்தளத்தைக் கைவிட்டு, திறந்த மூல மென்பொருளுக்கு மாறியது. அன்று மதியம் ஊழியர் எல்லோருக்கும் ரொட்டியும் டூனா மீன் குழம்பும் கொடுத்தார்கள். நன்றாகவே இருந்தது. நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

பழைய தளத்தைப் பதினோரு வருடம் பராமரித்தவன் நான். புதியதில் ஆபத்து இருக்கிறது என்று சொன்னேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஊர் உலகமே பார்க்கக்கூடிய ஒன்றை எப்படி நம்புவது? செவிலியர் துறைத் தலைவர் உனைசி கூட்டத்திலேயே சிரித்துவிட்டார்.

"அத்தீஷ், திறந்த மூலம்னா கதவைத் திறந்து போட்டுட்டுப் போறதுன்னு நினைச்சியா? அந்தப் பழைய கம்பெனி என்ன உன் மாமியார் வீடா, இப்படி வக்காலத்து வாங்குறே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகும் சொல்லிப் பார்த்தேன், எழுதியும் பார்த்தேன். பதில் வரவில்லை. சொல்லிப் புரியாதவர்களுக்குக் காட்டித்தானே ஆகவேண்டும்.

செவிலியர் படிப்பில் கைக்குழந்தைகளின் வலிப்பு மருந்து பற்றி ஒரு பாடம் உண்டு. அதில் மருந்தின் அளவில் இருந்த தசமப் புள்ளியை ஓர் இடம் வலப்பக்கம் நகர்த்தினேன். பயிற்சித் தேர்வின் விடையையும் அதற்கேற்ப மாற்றினேன். ஒரு வாரத்துக்குள் யாராவது ஒரு பேராசிரியர் கண்டுபிடித்துக் கூச்சல் போடுவார், பழைய தளம் திரும்பி வரும், நானே திருத்திவிடுவேன் என்பதுதான் திட்டம். அதில் யாருக்கும் கெடுதல் இல்லை.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. விடைகளைத் தளமே திருத்தி மதிப்பெண் போட்டுவிடுவதால் பேராசிரியர்கள் பாடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

கண்டுபிடித்தது ஒரு மாணவி. தொலைவில் இருக்கும் லாவ் தீவுகளில் ஒரு சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே படித்த லோசனா. உதவி மையத்துக்குப் போன் செய்தாள். எடுத்தது நான்.

"சார், இங்க இருக்கிற கையேட்டுல வேற அளவு போட்டிருக்கு. பாடத்துல இருக்கிறபடி கொடுத்தா குழந்தைக்கு ரொம்ப அதிகமாயிடாதா? இல்ல, நான்தான் தப்பாப் பாக்குறேனா?"

ஒரு மாணவி சொன்னால் உனைசி அதைத் தட்டச்சுப் பிழை என்று சத்தமில்லாமல் திருத்தி முடித்துவிடுவார். பேராசிரியர்களே பார்க்கவேண்டும். அப்போதுதான் எடுபடும்.

"கையேடு பழசும்மா. பாடத்துல இருக்கிறதையே படி," என்றேன்.

"வினாகா சார், ரொம்ப நன்றி. இப்பத்தான் நிம்மதி."

திருத்தியிருக்கலாமே என்கிறீர்கள். திருத்தினேன். காத்திருந்து அலுத்துப்போய் மே மாதம் நானே திருத்தினேன். ஆனால் தீவுகளில் இணையம் கிடைக்கிறபோது பாடங்களைப் போனில் இறக்கி வைத்துக்கொள்வார்கள். மறுபடி இறக்கும்வரை அது பழையபடியேதான் இருக்கும். அது எனக்குத் தெரியும். லோசனாவைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்டிருப்பாள்.

பழைய தளத்திலும் உன்னால் இதைச் செய்திருக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். அங்கும் சாவி என்னிடம்தான் இருந்தது.

ஜூன் மாதம் லோசனா போனில் இருந்த பாடத்தைப் பார்த்து மருந்து கொடுத்த குழந்தைக்கு வயது ஐந்து மாதம். அன்று மாலையே இறந்துவிட்டது. அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவள் போனில் இருந்த அளவைப் பார்த்தபின் புதிய தளத்தை நம்ப முடியாது என்று நேற்று பல்கலைக்கழக மன்றம் கூடி, பழைய தளத்துக்கே திரும்புவது என்று முடிவு செய்தது. நான் கேட்டது அவ்வளவுதான்.