கட்டிலுக்கு ரப்பர் கால்

ஸ்பீக்கருக்குக் கால் முக்கியம் என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் சிரிக்கிறார்கள். இடுப்புக்கு மேல் உயரமுள்ள பெட்டியை வாங்கிக்கொண்டு போய்த் தரையில் அப்படியே நிறுத்திவிட்டு, மறுவாரம் கடைக்கு வந்து, "சத்தம் கொழகொழன்னு இருக்கு சார், மாத்திக் குடுங்க" என்பார்கள். பெட்டியில் ஒரு குறையும் இருக்காது. பதினெட்டு வருஷமாக ஆடியோ கடையில் இருக்கிறேன். ஸ்பீக்கரை நிறுத்தி, தரைக்கேற்ற காலைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. கடையில் 'கால் டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். நீங்களும் அப்படியே கூப்பிடலாம், எனக்கு வருத்தமில்லை.

விஷயம் எளிது. சிமென்ட் தரை என்றால் கூரான ஆணிக்கால் போடலாம், பெட்டி அசையாமல் நிற்கும். எங்கள் வீட்டு மாடியைப் போலப் பலகைத் தரை என்றால் அது கூடாது. அதிர்வு முழுதும் பலகையில் இறங்கி, அறையும் சேர்ந்து பாட ஆரம்பித்துவிடும். அதற்கு ரப்பர் கால். அதிலும் எடை பார்க்க வேண்டும். ரப்பர் அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தால் அமுங்காது, அதிர்வு அப்படியே கடந்து போகும். ரொம்ப மிருதுவாக இருந்தால் நசுங்கிவிடும். இதையெல்லாம் சொல்லக் காரணம், எதையும் நான் அவசரத்தில் செய்யவில்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

என் அண்ணனுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுதும் போயிற்று, பேச்சும் போயிற்று. அண்ணி வேலைக்குப் போகிறவர். கடைக்கு வரும் புதுக் கால்களை வீட்டில் போட்டுக் கேட்டுக் குறிப்பு எழுதுவது என் வேலையில் பாதி என்பதால், பகலில் நான்தான் இருப்பேன். அண்ணன் இடது கையில் ஒரு கைத்தடி இருக்கும். ஏதாவது வேண்டுமானால் கட்டிலின் பக்கப் பலகையில் அதால் தட்டுவார். அது அண்ணி செய்த ஏற்பாடு. "தம்பி, நீங்க பக்கத்து ரூம்லதானே இருக்கீங்க, தட்டினா ஒரு எட்டு போய்ப் பாத்துடுங்க. உங்களை நம்பித்தான் நான் வேலைக்கே போறேன்" என்றார். நானும் தலையாட்டினேன்.

அண்ணனைப் பற்றிக் குறையாக ஒன்றும் சொல்லமாட்டேன். அப்பா இல்லாத வீட்டில் என்னைப் படிக்கவைத்தவர். இந்த ஸ்பீக்கர்களை மாடிக்கு ஏற்ற ஆள் வராதபோது, ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிவந்து இறக்கியவரும் அவர்தான். "இதுல பாட்டு வேற வருமா, இல்ல எனக்கு முதுகுவலி மட்டும்தானா?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தோம்.

ஆனால் அந்தத் தட்டல். காதில் மட்டும் விழுந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். கட்டிலின் கால்வழியே பலகையில் இறங்கி, என் நாற்காலிக்கு வந்து முதுகெலும்பில் ஏறும். தண்ணீருக்குத் தட்டுவார். புரண்டு படுக்கத் தட்டுவார். முகத்தில் ஈ உட்கார்ந்தால் தட்டுவார். சில நேரம் போய் நின்றால் ஒன்றும் வேண்டாம் என்று தலையசைப்பார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். ஏழு மாதம் நான் ஒரு பாட்டையும் முழுதாகக் கேட்கவில்லை. எரிச்சல் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் ஒருநாளும் அவரிடம் குரலை உயர்த்தியதில்லை. அண்ணியையே கேட்டுப் பாருங்கள்.

முதலில் ஸ்பீக்கர் பக்கம்தான் சரிசெய்து பார்த்தேன். நான்கு விதமான கால் மாற்றினேன். ஸ்பீக்கரின் அதிர்வு தரைக்குப் போவது நின்றது; தட்டல் தரைவழியே என்னிடம் வருவது நிற்கவில்லை. எங்கள் தொழிலில் இதற்கு ஒரே பதில்தான். அதிர்வு எங்கே பிறக்கிறதோ அங்கேயே அதை நிறுத்த வேண்டும்.

கட்டில் நாற்பத்தாறு கிலோ, மெத்தை பதினொன்று. அண்ணனைக் கையில் ஏந்திக்கொண்டு எடைமேடையில் ஏறி, என் எடையைக் கழித்தேன், ஐம்பத்து மூன்று. வாசலில் நின்று பார்த்த அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் இளைக்கிறாரா என்று கவலைப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் கட்டிலின் நான்கு காலுக்கும் ரப்பர் போட்டேன். "கட்டில் ஆடாம இருக்கும் அண்ணி, அவருக்கு உடம்பு அதிராது" என்றேன். அது பொய்யும் இல்லை. அண்ணி அக்கம்பக்கமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். தூசி வரக்கூடாது என்று கதவின் அடியிலும் ஒரு ரப்பர் பட்டை ஒட்டினேன். தரைவழி வருவதைக் கட்டில் கால் பார்த்துக்கொண்டது, காற்றில் வருவதைக் கதவு பார்த்துக்கொண்டது.

அண்ணி விவரமானவர். அன்று மாலையே, "இப்பவும் தட்டினா உங்களுக்குக் கேக்குமில்ல தம்பி?" என்றார். கதவைச் சாத்திக்கொண்டு, தடியை வாங்கி அவரே தட்டிப் பார்த்தார். நான் பாட்டைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவ்வளவு சுத்தமாக அமையும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. கதவைத் திறந்து "கேட்டுச்சா?" என்றார். "நல்லாவே கேக்குது அண்ணி" என்றேன். அவருக்குப் பின்னால் அண்ணன் படுத்தபடி என்னையே பார்த்தார். நான் பொய் சொன்னால் முகம் எப்படி இருக்கும் என்று சின்ன வயதிலிருந்தே அவருக்குத் தெரியும். அவரால் அதைச் சொல்லத்தான் முடியவில்லை.

அதற்குப் பிறகு அவரைக் கைவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து போனேன். தண்ணீர் கொடுத்தேன், புரட்டிப் படுக்கவைத்தேன். தட்டிக் கூப்பிட்ட காலத்தைவிட எல்லாம் ஒழுங்காக நடந்தது. தடியையும் நான் பிடுங்கவில்லை. அது கடைசிவரை அவர் கையில்தான் இருந்தது.

அந்தக் கடைசி வாரம் திங்கட்கிழமை மறுபடி எடை பார்த்தேன், நாற்பத்தெட்டு. அத்தனை இளைத்தவருக்குப் பழைய ரப்பர் கெட்டி. இன்னும் மிருதுவானதாக மாற்றினேன். வியாழக்கிழமை பதினொன்றரைக்கு அவருக்குச் சூப் ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு வந்து, ஒரு நீளமான வயலின் பதிவைப் போட்டேன். ஐம்பத்திரண்டு நிமிஷம். முடிந்து போய்ப் பார்த்தபோது மல்லாந்து கிடந்தார். குடித்த சூப் மேலே வந்து மூச்சுக்குழாயை அடைத்திருந்தது. யாராவது ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தால் பிழைத்திருப்பார், ஒரு நிமிஷ வேலை என்றார் டாக்டர். மூன்றாம் நாள் அண்ணி என் நாற்காலியில் போய் உட்கார்ந்து, பாட்டைப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாவைக் கட்டிலில் தட்டச் சொன்னார். அதனால்தான் நான் இங்கே ஸ்டேஷனில் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று அண்ணன் தட்டியது எனக்குத் தெரியுமா என்றுதான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். காதில் விழவில்லை, அது சத்தியம். ஆனால் புதுக் கால் போட்டால் உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். காதுக்கு எட்டாதது கைக்கு எட்டும். இருபதாவது நிமிஷம் குனிந்து வைத்துப் பார்த்தேன். இருந்தது. மிக மெல்லியதாக, பாட்டின் தாளத்தோடு சேராமல், முதலில் விட்டுவிட்டு, பிறகு விடாமல். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. புது ரப்பர் எடைக்கு அமுங்கிப் படியச் சில நாள் ஆகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, கையை எடுக்காமல் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. பாட்டு முடியும்வரை திரும்ப வரவில்லை. நோட்டை எடுத்து, ரப்பர் நன்றாகப் படிந்துவிட்டது என்று எழுதிவைத்தேன்.