நடு ஹோல்டரில் ஒரு பச்சைக் கட்டை

அக்கா: பின்னாடி என்ன சத்தம்?

அத்தான்: சத்தமா... இருமினேன்மா.

அக்கா: தகரத்துல அடிச்ச மாதிரி இருமினீங்க.

தம்பி: காத்துல ஏதாவது தட்டியிருக்கும்க்கா. நீ ஸ்டீரிங்கைப் பாரு. தொப்பியையும் பிடிச்சுக்கோ, போன தடவை மாதிரி பறந்துடப் போகுது.

அக்கா: என் தொப்பி எங்கயும் போகாது. மூணு தூண்டில் ராடும் ஹோல்டர்ல நிக்குதா?

அத்தான்: நிக்குது, நிக்குது.

தம்பி: அத்தான்... குனிஞ்சு பேசுங்க, இஞ்சின் சத்தத்துல அவளுக்குக் கேக்காது. நடு ராடு எங்க?

அத்தான்: ஹோல்டர்லதானே...

தம்பி: ஹோல்டர் இருக்கு. உள்ள காத்துதான் இருக்கு.

அத்தான்: சடக்குன்னு பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு மாப்ள. பெரிய மீன். நான் கை நீட்டுறதுக்குள்ள கைப்பிடி தண்ணிக்குள்ள போயாச்சு.

தம்பி: கயிறு கட்டினீங்களா?

அத்தான்: கட்டினேன். ...கட்டினேன்னுதான் நினைக்கிறேன்.

தம்பி: கட்டியிருந்தா ராடு கயித்துல தொங்கிக்கிட்டு இருக்கும்ல?

அத்தான்: மூணு நீலக் கயிறு எடுத்துட்டு வந்தேன். இடது பக்கம் கட்டினேன், வலது பக்கம் கட்டினேன், நடுவுல ரீலுக்கு ஒரு சுத்து சுத்தி படகுக் கம்பியில முடிஞ்சேன்... முடிஞ்சேன்ல?

தம்பி: என்னைக் கேட்டா? கிளம்பும்போது அக்கா என்ன சொன்னா?

அத்தான்: ஓடுற படகுல மீனுக்கு முன்னாடி ராடுதான் தப்பிக்கப் பாக்கும்னா.

தம்பி: அதுக்கப்புறம்?

அத்தான்: யாரால கயிறு கட்டாம விட்டுப் போகுதோ அவங்களுக்கு ஞாயித்துக்கிழமை மீன்பிடி போட்டியில இடம் இல்லைன்னா.

தம்பி: படகுக்கு ரெண்டு பேர்தான். ஒண்ணு அக்கா. இன்னொண்ணு...

அத்தான்: நான்டா. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். வெயில் கண்ணாடிகூட வாங்கிட்டேன்.

தம்பி: அந்தக் கண்ணாடி எனக்கும் நல்லாத்தான் இருக்கும்.

அக்கா: அங்க என்ன குசுகுசுன்னு?

தம்பி: அத்தானோட கண்ணாடியைப் பத்திக்கா.

அத்தான்: அவ திரும்பினா நான் காலி. ஏதாவது பண்ணுடா.

தம்பி: படகு தேய்க்கிற பிரஷ் இருக்குல்ல, அதோட தலையைக் கழட்டிட்டுக் கட்டையை மட்டும் சொருகுங்க. அங்கேருந்து பாத்தா ராடு மாதிரிதான் தெரியும்.

அத்தான்: பச்சைக் கலர்ல இருக்கே.

தம்பி: அவ பாக்கிறப்ப நீங்க குறுக்க நில்லுங்க. உங்க உடம்புக்கு மூணு ராடையும் மறைக்கலாம்.

அத்தான்: ம்... நின்னுடுச்சு. லேசா ஆடுது.

தம்பி: இதையாவது கட்டுங்க.

அத்தான்: எதை வெச்சுக் கட்ட? கயித்தைத்தான் காணோமே. அதுவும் கூடவே போயிடுச்சா, இல்ல நான் கட்டவே இல்லையா... மண்டை காயுது.

அக்கா: என்னங்க, நடு ராடு எப்படி இருக்கு?

அத்தான்: விறைப்பா இருக்கும்மா.

அக்கா: நுனி துடிக்குதா? தூண்டில்ல மாட்டின ரப்பர் மீன் ஒழுங்கா நீந்தினா நுனி துடிக்கணும்.

அத்தான்: இது கொஞ்சம்... அடக்கமான ராடும்மா.

அக்கா: ஓஹோ. திரும்பிப் பாக்கட்டுமா?

தம்பி: வேணாம்க்கா, எதிர்ல மிதவை வருது.

அக்கா: சரி, நான் திரும்பல.

அத்தான்: மாப்ள, இந்தச் சிவப்பு மிதவையை முன்னாடியே தாண்டினோம்ல?

தம்பி: எல்லா மிதவையும் சிவப்புதான் அத்தான். பேச்சை மாத்தாதீங்க. இப்ப இப்படி வெச்சுக்கலாம்... நான் வாயே திறக்கல. ஞாயித்துக்கிழமை உங்களுக்கு வயித்து வலி.

அத்தான்: எனக்கா?

தம்பி: எழுந்திருக்கும்போதே. சுருண்டு படுத்துக்குங்க. உங்க இடத்துல நான் போறேன்.

அத்தான்: அடப்பாவி, உன் கல்யாணத்துக்கு உங்கப்பாகிட்ட மல்லுக்கட்டினது யாரு?

தம்பி: அந்த நன்றிக்குத்தான் இன்னும் கத்தாம இருக்கேன்.

அத்தான்: வேணாம்டா. அது அவ முதல் போட்டியில ஜெயிச்ச ராடு. அதைத் தொலைச்சுட்டு, வயித்து வலின்னு வேற படுக்க எனக்கு வராது. சொல்லிடுறேன்.

தம்பி: அத்தான், இருங்க... அவசரப்படாதீங்க...

அத்தான்: ஏம்மா, நடு ராடு போயிடுச்சு. இங்க நிக்கிறது பிரஷ் கட்டை. கயிறு கட்டாம விட்டது நான்தான். ஞாயித்துக்கிழமை நீ உன் தம்பியையே கூட்டிட்டுப் போ.

தம்பி: அக்கா... அவரை மட்டும் சொல்ல முடியாது. ரீல் ரொம்ப லூசா இருக்குன்னு நான்தான்... இறுக்கி விட்டேன்.

அத்தான்: இறுக்கினியா? லூசா இருந்தா மீன் ரீல்ல சுத்தின தூண்டில் நரம்பை இழுக்கும், இறுக்கினா ராடையே இழுக்கும்டா. இதை வெச்சுக்கிட்டா எனக்கு வயித்து வலி வரவெச்ச?

தம்பி: உங்களுக்குப் பாதி வலி, எனக்குப் பாதி வலின்னு பிரிச்சுக்கலாம் அத்தான்.

அத்தான்: ஏம்மா, திட்டவாவது திட்டேன். ஸ்டீரிங்கையே திருப்பிக்கிட்டு இருக்கியே. ...மாப்ள, அங்க பாரு, அதே மிதவை. அந்தப் பறவை எச்சம்கூட அதே இடத்துல இருக்கு. நாம ஒரே இடத்தைச் சுத்திக்கிட்டு இருக்கோம்.

அக்கா: கைப்பிடியில தக்கை போட்டிருக்கேன். மீன் விட்டுட்டா ராடு மேல வரும். தேடிட்டு இருக்கேன்.

அத்தான்: அப்ப உனக்கு முதல்லயே தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டா நுனி துடிக்குதான்னு கேட்ட?

அக்கா: நீங்க எதுவரைக்கும் போறீங்கன்னு பாத்தேன். அடக்கமான ராடுன்னு சொன்னப்ப சிரிப்பை அடக்குறதுதான் பெரும்பாடா இருந்துது.

தம்பி: அதோ அத்தான், மிதவைக்கு இந்தப் பக்கம்... தக்கை!

அத்தான்: கொக்கியைக் குடு. கிட்ட வரட்டும்... ம், வந்துடுச்சு. ரீல் இருக்கு, நரம்பு இருக்கு, மீன்தான் இல்ல. ஆனா பாரு, ரீல்ல கயித்தோட துண்டுகூட இல்ல. இப்பவே கட்டிடுறேன், ஒரு கயிறு குடு.

தம்பி: ஏது அத்தான்? இருந்ததே மூணு கயிறு. ...அத்தான், இந்தக் காத்துக்கு அக்கா தொப்பி எப்படி அசையாம உக்காந்திருக்கு?

அத்தான்: ஏம்மா, கொஞ்சம் இப்படித் திரும்பு. ...தாடைக்குக் கீழ அது என்ன, நீலமா?

அக்கா: நீங்க சாப்பாட்டுப் பையைத் தேடிக்கிட்டு இருந்தப்ப, ஒரு நிமிஷத்துக்குத்தான்னு நடு ராடு கயித்தை அவுத்தேங்க... ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் கரையில நின்னு ஒரு கையால தொப்பியைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால டாட்டா காட்டுறேன்.